பாதி மாத்திரை

எழிலரசியைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்து முடிக்காமலே எழுந்து போனார்கள். வேலூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை என்று மட்டும்தான் தரகர் அவர்களிடம் சொல்லியிருந்தார். மாப்பிள்ளையின் அத்தை, ஆராய்ச்சி என்றால் அங்கே என்ன செய்வீர்கள் என்று ஆசையாகத்தான் கேட்டாள். எழிலரசிக்குச் சுற்றிவளைத்துப் பேச வராது. இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளிடமிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடிக் குப்பியில் வைத்து வளர்க்கிறோம் என்றாள். அத்தை தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறுமியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். 

தங்கை பாக்யலட்சுமி அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏங்க்கா, ரோஜாச் செடி வளக்கறேன்னு சொல்லியிருக்கக் கூடாதா? பாவம், அந்தம்மா இன்னிக்கு பூரா தூங்காது," என்றாள். எழிலரசியும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு வந்த வரன்களும் ஏதோ ஒரு காரணத்தால் தட்டிப் போயின. தங்கைக்குக் கல்யாணம் ஆயிற்று. அப்பா, அம்மா இருவரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். ஆம்பூர் வீடு தங்கையின் வீடாயிற்று. எழிலரசி சத்துவாச்சாரியில் ஒரு மாடிப் போர்ஷனில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி ஆம்பூருக்கு வந்து, திங்கட்கிழமை விடிவதற்குள் திரும்பிப் போகிறவளானாள்.

அவள் வேலை பார்த்த கூடத்தின் தலைவர் தௌசீப் அகமது. புதிதாகச் சேரும் மாணவர்களிடம் அவர் முதலில் ஒரு கேள்வியைத்தான் வைப்பார். உடம்பில் இருக்கிற செல்லுக்கு எப்போது பெருக வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரியும். சில குழந்தைகளின் உடம்பில் மட்டும் அது ஏன் நிற்பதில்லை? எலும்பு மஜ்ஜையில் நிற்காமல் பெருகினால் இரத்தப் புற்றுநோய். மூட்டின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வில் நிற்காமல் பெருகினால் மூட்டு வீங்கிப் பக்கத்து எலும்பையே அரிக்கத் தொடங்கும். இரண்டாவது புற்றுநோய் இல்லை. ஆனாலும் முதலாவதின் சாடை அதற்கு உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்துப் பார்ப்பதுதான் கூடத்தின் வேலை.

வளர்ப்பது எழிலரசி. புற்றுநோய்ச் செல்கள் உருண்டையாக, எதிலும் ஒட்டாமல், சோப்பு நீரில் குமிழி மாதிரி மிதக்கும். மூட்டுச் செல்கள் நீளமாக, மீன்குஞ்சுகள் மாதிரி, குப்பியின் அடியில் பற்றிக்கொண்டு படுத்திருக்கும். உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் பெட்டிக்குள் இரண்டும் அருகருகே இருக்கும். வாரத்தில் சில நாட்கள் அவற்றின் மேல் மருந்து விட்டுப் பார்ப்பார்கள். அதிகம் விடப்பட்டது ஸ்டீராய்டுதான். மூட்டு வீக்கத்துக்கும் அதுவே மருந்து, புற்றுநோய்க்கு முதலில் கொடுப்பதிலும் அதுவே ஒன்று. விட்ட கொஞ்ச நாளிலேயே உருண்டைச் செல்கள் காய்ந்த திராட்சையாகச் சுருங்கிவிடும். மூட்டுச் செல்கள் சாகாது, அடங்கிப் படுக்கும். எழிலரசி எத்தனையோ முறை பார்த்த காட்சி அது. ஒவ்வொரு முறையும் மனத்துக்குக் கொஞ்சம் இதமாகவே இருந்தது.

ஆம்பூரில் தங்கை வீட்டு வாசல் குழாயடியில் ஒரு புது சோப்பு எப்போதும் இருக்கும். அதை வைத்தது தங்கை கணவன் பரணிதரன். டேனரியில் தோல் ஊறப்போடும் டிரம் பிரிவில் அவனுக்கு வேலை. தோல் பதனிடும் இரசாயனம் ஊறிக் கையெல்லாம் நீலம் பாரித்திருக்கும். நல்லவன், குடிக்க மாட்டான், குழந்தை என்றால் உயிர். எழிலரசி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் உள்ளே போவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று அவன் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. சோப்பு அங்கே இருக்கும், அவ்வளவுதான். அந்தச் செல்கள் குப்பியை விட்டு வெளியே வந்தால் பிழைக்காது, ஒருத்தர் உடம்புச் செல் இன்னொருத்தர் உடம்பில் ஒட்டாது என்றெல்லாம் அவள் ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். கழுவிவிட்டே உள்ளே போனாள். அவள் உள்ளே வந்ததும் பூங்குழலி ஓடி வந்து இடுப்பில் ஏறிக்கொள்வாள். அவளுக்கு வயது ஆறு.

ஒரு சனிக்கிழமை பூங்குழலி ஓடி வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். பள்ளிக்கூடத்தில் விழுந்துவிட்டாள் என்றார்கள். வலது முழங்காலில் புத்தூர் கட்டுப் போட்டிருந்தது. பச்சிலையும் முட்டையும் காய்ந்து, கட்டு கெட்டியாகியிருந்தது. அடிபட்ட இடம் என்று ஒன்றும் இல்லையே என்று எழிலரசி கேட்டதற்கு, அடி உள்ளே இருக்கும் என்றாள் பாக்யம். கட்டைப் பிரித்த பின்னும் வீக்கம் வடியவில்லை. காலையில் எழுந்ததும் கால் மரக்கட்டையாக இருந்தது. அப்புறம் கணுக்காலும் வீங்கியது. சாயங்காலத்தில் இலேசாக உடம்பு சுட்டது. இராத்திரி வலியில் குழந்தை எழுந்து அழுகிறாள் என்று பாக்யம் போனில் சொன்னபோது, எழிலரசி எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்கு என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மூட்டு நோய் காலையில் வலிக்கும். இராத்திரியில் எழுப்புகிற வலி மஜ்ஜையிலிருந்தும் வரலாம். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் போலிருந்தது.

வேலூரில் குழந்தைகளின் மூட்டு நோய் பார்க்கும் டாக்டர் புஷ்ராவிடம் காட்டலாம் என்று அவள்தான் ஏற்பாடு செய்தாள். பாக்யம் தான் தையல் வேலை பார்க்கும் ஷூ தொழிற்சாலைக்கு லீவு சொல்லிவிட்டுக் குழந்தையைக் கூட்டி வந்தாள். டாக்டர் நிதானமானவர். குழந்தையின் ஒவ்வொரு மூட்டையும் மடக்கிப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார். இதற்கு முன் ஏதாவது மாத்திரை கொடுத்தீர்களா, மெடிக்கல் ஷாப்பில் வாங்கியதாக இருந்தாலும் சொல்லுங்கள், ஸ்டீராய்டு கலந்திருந்தால் பரிசோதனை முடிவே மாறிவிடும் என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்டார். பாக்யம் இல்லை என்று தலையாட்டினாள். எழிலரசி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

இரத்தத்தில் கெட்ட செல் எதுவும் தெரியவில்லை. இரத்த அளவு சற்றுக் கம்மி, அது பாதிக் குழந்தைகளுக்கு இருப்பதுதான். மூட்டு நோயாகத்தான் இருக்கும் போலிருக்கிறது, இன்னும் ஒருமுறை பார்த்துவிட்டு அதற்கான மருந்தை ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வாசலில் எழிலரசி குழந்தைக்கு கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தாள். அவளும் ஒரு டம்ளர் குடித்தாள். அன்றைக்கு மட்டும் பயம் அவளைக் கொஞ்சம் விட்டிருந்தது.

அடுத்த வாரமே பூங்குழலிக்கு நன்றாகிவிட்டது. மருந்து இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் வீக்கம் வடிந்துவிட்டது, தெருப் பிள்ளைகளோடு பாண்டி ஆடுகிறாள் என்று பாக்யம் போனில் சொன்னாள். எழிலரசி சனிக்கிழமை போனபோது குழந்தை பழையபடி ஓடி வந்து இடுப்பில் ஏறினாள். கனமாக இருந்தாள். கன்னங்கள் இரண்டும் உப்பி, மூக்கு சின்னதாகத் தெரிந்தது. இப்போதெல்லாம் சோறு சோறு என்று கேட்கிறாள், மூணு வேளையும் போதவில்லை என்று பரணிதரன் பெருமையாகச் சொன்னான். பக்கத்து வீட்டுப் பெண் வந்து, கண் பட்டுவிடும், சுற்றிப் போடு என்று பாக்யத்திடம் சொல்லிவிட்டுப் போனாள்.

எழிலரசி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்படிப்பட்ட முகங்களைத் தினமும் தாண்டிப் போகிறவள் அவள். உடம்பெல்லாம் ஒல்லி, முகம் மட்டும் பௌர்ணமி. அது எந்த மருந்தின் முகம் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் மத்தியானம் குழந்தைக்குச் சோறு பிசைந்து ஊட்டும்போது மெதுவாகக் கேட்டாள். காலு வலிக்கு அம்மா ஏதாவது குடுத்தாளா?

"ம்," என்றாள் பூங்குழலி, வாய் நிறையச் சோற்றோடு. "சின்ன வெள்ளை மாத்திரை. அம்மாக்குப் பாதி, எனக்குப் பாதி. கசக்கும், ஆனா நான் அழ மாட்டேன்."

எழிலரசி அடுத்த கவளத்தை உருட்டி அவள் வாயில் வைத்தாள்.

அந்த மாத்திரையை அவளுக்குத் தெரியும். ஷூ தொழிற்சாலையில் தையல் லைனில் உட்காருகிற பெண்களுக்கு மணிக்கட்டும் தோளும் விட்டுப்போகும். ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கிற மெஷினில் நாளெல்லாம் தோலைத் தள்ளித் தள்ளிக் கொடுக்க வேண்டும். லைன் நின்றால் சூப்பர்வைசர் வந்து தலைக்கு மேல் நிற்பான். கேட்டுக்கு எதிரே இருக்கிற மெடிக்கல் ஷாப்பில், வலி என்று சொன்னாலே சீட்டுக் கேட்காமல் ஒரு காகித உறையில் மாத்திரைகளைப் போட்டுத் தருவார்கள். சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று, சின்ன வெள்ளை ஒன்று. வேலை செய்வது அந்தச் சின்ன வெள்ளைதான் என்பது பெண்களுக்கே தெரிந்துபோய், அதை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கினார்கள். டிபன் பாக்ஸில் ஊறுகாய் பங்கு போடுவது போல அதையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். வலிக்கிறவளுக்கு ஒன்று, ரொம்ப வலிக்காதவளுக்குப் பாதி. அதற்கு ஸ்டீராய்டு என்று பெயர் இருப்பது அந்த லைனில் யாருக்கும் தெரியாது.

பாக்யம் முதலில் இல்லவே இல்லை என்றாள். குழந்தை ஏதோ உளறுகிறாள் என்றாள். அப்புறம் அடுப்படியில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அக்காவுக்கு போன் செய்து சொன்ன அந்த வாரத்திலிருந்தே, டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே, கொடுத்து வந்தாள். இராத்திரி குழந்தை துடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல் தன் மாத்திரையில் பாதியைப் பிட்டுக் கொடுத்தாள். ஒரு மணி நேரத்தில் குழந்தை தூங்கினாள். எந்தத் தாய்தான் மறுநாள் கொடுக்காமல் இருப்பாள்? அப்படியே தினமும் ஆயிற்று. டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "நீ பக்கத்துல நின்னுனு இருந்தே. திட்டுவேன்னு பயந்துட்டேன்," என்றாள்.

"நல்லாதானே ஆய்ட்டா, இப்ப இன்னா?" என்றும் கேட்டாள்.

 வீடே சந்தோஷமாக இருந்தது. வாசலில் குழந்தை ஒற்றைக் காலில் கட்டம் தாண்டுகிற சத்தம் கேட்டது.  அந்த மாத்திரை மூட்டு நோயையும் அடக்கும், புற்றுநோயையும் அடக்கும். குழந்தைக்கு இருப்பது எது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. இரத்தத்தில் கெட்ட செல் தெரியாமல் போனதற்கு, அது இல்லாதது காரணமா, மாத்திரை அதை ஒளித்து வைத்தது காரணமா?

அவள் தன் போனை எடுத்து, வேலைக்காக எடுத்து வைத்திருந்த படங்களைத் தேடினாள். பாக்யத்தை ஜன்னல் பக்கம் கூப்பிட்டுக் காட்டினாள். முதல் படத்தில் உருண்டைச் செல்கள் இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஒரு குழந்தையின் இரத்தம் என்று மட்டும் சொன்னாள். இரண்டாவது படம், ஸ்டீராய்டு விட்ட பிறகு எடுத்தது. பெரும்பாலும் வெறும் இடம். அங்கங்கே சுருங்கிய கறுப்புப் புள்ளிகள்.

"நல்லாயிடுச்சே," என்றாள் பாக்யம்.

எழிலரசி படத்தின் ஓரத்தை விரலால் பெரிதாக்கினாள். அங்கே ஒன்றிரண்டு செல்கள் சுருங்காமல், பளபளவென்று உருண்டையாக இருந்தன. பிறகு மூன்றாவது படத்தைக் காட்டினாள். அதே குப்பி, சில வாரங்கள் கழித்து. மறுபடி இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

பாக்யம் போனைத் தொடாமல் பின்னால் நகர்ந்து நின்றாள்.  அப்புறம், "நம்ம குழலிக்கா?" என்றாள்.

"தெரியாது. தெரியாதுன்றதுதான் பேஜாரு. எலும்புல ஊசி போட்டு எடுத்துப் பாக்கணும். அதுக்கு முன்னாடி நீ டாக்டர்கிட்ட சொல்லணும்."

விஷயம் பரணிதரனிடம் போனபோது மாத்திரையைப் பற்றிப் பாக்யம் வாயைத் திறக்கவில்லை. எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்க்க வேண்டுமாம் என்று மட்டும் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். ஆடிக்கொண்டிருக்கிற குழந்தைக்கு எலும்பில் ஊசியா என்று கேட்டான். டேனரியில் யாரோ ஒருவனின் மகனுக்கு முதுகில் ஊசி போட்டதிலிருந்து கால் வரவில்லை என்றான். எழிலரசி விடாமல் பேசினாள். இராத்திரி வலியைப் பற்றிச் சொன்னாள், இரத்தம் குறைந்திருப்பதைச் சொன்னாள். மாத்திரையை மட்டும் சொல்லவில்லை. தங்கை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். புற்றுநோய் என்ற சொல் கடைசியில் வந்தே விட்டது. பரணிதரன் எழுந்து நின்றான். அவன் அவளிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"அத வளக்கற கையாலதானே இத்தினி நாளா என் கொழந்தைய தூக்கனீங்க," என்றான். "இப்ப அதே நோவு இவளுக்கு இருக்குதுன்னு நீங்களே வந்து சொல்றீங்க."

எழிலரசி அன்றிரவே கிளம்பினாள். பஸ்ஸில் திரும்பும்போது அவள் தன் கைகளை மடியில் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அறிவுக்குத் தெரியும், அப்படி நடக்க வழியே இல்லை. படித்ததும் அதுதான், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். ஆனாலும் மறுநாள் கூடத்தில் கையுறையைக் கழற்றிய பிறகு முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தௌசீப் சார் கடந்து போனவர், தோல் உரிந்துவிடப் போகிறது, போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் குழாயை மூடிவிட்டு மறுபடி திறந்தாள்.

டாக்டர் புஷ்ராவின் அறை அடுத்த கட்டடத்தில்தான் இருந்தது. போய்ச் சொல்லிவிடலாம். தங்கையின் முகம் நினைவுக்கு வந்தது. புதன்கிழமைவரை பார்ப்பது, அப்புறம் தானே போவது என்று முடிவு செய்துகொண்டாள். அந்த நாட்களில் சாப்பிட்டதாக அவளுக்கு நினைவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் பாக்யமே வந்தாள். தொழிற்சாலை பஸ்ஸில் ஏறுகிற மாதிரி யூனிஃபார்ம் மேல்கோட்டோடு கிளம்பி, பள்ளிக்கூடத்தில் விடப்போவதாகக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு, நேராக வேலூர் பஸ்ஸில் ஏறியிருந்தாள். டாக்டரின் மேஜைமேல் கைக்குட்டையைப் பிரித்து, மிச்சமிருந்த மாத்திரைகளை வைத்தாள். எழிலரசியைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டர் திட்டவில்லை. மாத்திரையைத் திருப்பிப் பார்த்தார். எப்போதிலிருந்து, எவ்வளவு என்று கேட்டார். சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று விளக்கினார். அன்றைக்கே மஜ்ஜை எடுத்தார்கள். குழந்தையை மயக்கி இடுப்பெலும்பில் ஊசி போட்டபோது பாக்யம் வெளியே சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். சாயங்காலம் பரணிதரனுக்கு மஜ்ஜை எடுத்தது தெரிந்து, வீட்டில் பெரிய சத்தம் ஆயிற்று. அக்கா வற்புறுத்தித்தான் போனேன் என்று பாக்யம் சொல்லியிருந்தாள். எழிலரசி அதை மறுக்கவில்லை.

பதில் வந்தது. பதில் என்று சொல்ல முடியாது. மாத்திரையின் தாக்கம் இருக்கிறது, இதை வைத்து உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, மாத்திரை முழுவதும் நின்ற பிறகு மறுபடி பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். வாராவாரம் இரத்தம் எடுக்கச் சொன்னார். அதுவரை காத்திருக்க வேண்டும்.

எழிலரசியின் வாழ்க்கையில் அதைப் போல ஒரு காத்திருப்பு வந்ததில்லை. அப்பா சாகக் கிடந்தபோதுகூட, என்ன வரப்போகிறது என்று தெரிந்திருந்தது. இங்கே எதிரே விளையாடுகிற குழந்தைக்கு வலி திரும்ப வருவதற்காக உட்கார்ந்திருந்தார்கள். வலி வந்தாலும் அது எதையும் சொல்லிவிடாது. இரண்டு நோயிலும் வலி வரும். மூட்டு நோயின் கொடுமை அவளுக்குத் தெரியாததல்ல. விரல் கோணிப்போய்ப் பேனா பிடிக்க முடியாத பிள்ளைகளையும், பத்து வயதில் இடுப்பு மாற்றிக்கொள்ள வருகிற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறாள். இப்போது அவள் விரும்பிக் கேட்டது அதைத்தான். காலம் முழுக்க மாத்திரை சாப்பிடட்டும், நொண்டட்டும், பரவாயில்லை.

பாக்யமும் அதையே கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகச் சோளிங்கர் போய், வெயிலில் மலையேறி நரசிம்மரைப் பார்த்துவிட்டு வந்தாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று பரணிதரன் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. போனில் அக்காவிடம் மட்டும் சொன்னாள்.

"மூட்டு நோவாவே இருக்கணும்னு வேண்டிக்கினேன்க்கா. கோயில்ல நின்னு எம் பொண்ணுக்கு நோவு குடுன்னு கேட்டுட்டு வந்திருக்கேன். சாமி இன்னான்னு நெனச்சிருக்கும்?"

குழந்தையின் முகம் மெல்ல மெல்லப் பழைய அளவுக்கு வந்தது. பசி குறைந்தது. பாண்டி ஆடிவிட்டுச் சீக்கிரமே வந்து உட்கார்ந்துகொண்டாள். எழிலரசி சனிக்கிழமைகளில் போனால் அவளைத் தூக்குவதில்லை. குழந்தை கையை நீட்டும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வாள். ஒருமுறை குழந்தைக்குத் தலை வாரும்போது, கழுத்தில் காதுக்குக் கீழே ஒரு சின்னக் கட்டி விரலில் நெருடியது. பட்டாணி அளவு. அவள் சீப்பை நிறுத்தாமல் வாரிக்கொண்டே போனாள். பின்னி முடித்து ரிப்பன் கட்டி, குழந்தையை விளையாட அனுப்பிவிட்டு, கொல்லைப்புறம் போய்ச் சுவரோரமாக உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் கழித்தே எழுந்து வந்தாள்.

அந்த வார இரத்தத்தில் தெரிந்துவிட்டது. இரண்டாம் முறை மஜ்ஜை எடுத்தபோது சந்தேகம் எதுவும் மிச்சமில்லை. புற்றுநோய்தான். சேதி கேட்டுப் பரணிதரன் டேனரியிலிருந்து போட்ட துணியோடு ஓடி வந்தான். டாக்டர் சொல்லி முடிப்பதற்குள், இரத்தம் தேவைப்படுமாமே என்று எழுந்துவிட்டான். டிரம் பிரிவில் அவனோடு வேலை செய்கிற ரஷீத் அஹமதுவும் இன்னும் சிலரும் ஒரே வேனில் வந்து இறங்கினார்கள். இரத்த வங்கியில் இருந்த நர்ஸ் அவர்கள் நகக்கண்களில் ஊறியிருந்த நீலத்தைப் பார்த்து என்ன இது என்று விசாரித்துவிட்டு, ஒருவர்பின் ஒருவராகப் படுக்க வைத்தாள். பரணிதரன் கடைசி ஆள் கொடுத்து முடிக்கும்வரை அங்கேயே நின்றான். மேலே அறையில் டாக்டர் பேசியதன் மிச்சத்தைப் பாக்யமும் எழிலரசியும்தான் கேட்டார்கள்.

இந்த நோய் குணமாகக் கூடியது, பெரும்பாலான குழந்தைகள் பிழைத்து வருகிறார்கள் என்று டாக்டர் தொடங்கினார். நோய் முதலில் எவ்வளவு இருந்தது என்பதை வைத்து, லேசான சிகிச்சை, கடுமையான சிகிச்சை என்று பிரிப்பார்கள். பூங்குழலி விஷயத்தில் முதலில் எவ்வளவு இருந்தது என்று தெரியாது. இடையில் ஸ்டீராய்டு போயிருப்பதால் அதை இனிக் கண்டுபிடிக்க முடியாது. தெரியாதபோது ஆபத்து அதிகம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் கடுமையான சிகிச்சைதான். கிருமி தொற்றிவிடாமல் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டியிருக்கும். அதைச் சொல்லும்போது டாக்டர் பாக்யத்தின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வராந்தாவில் இருந்த பெஞ்சில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்தார்கள். குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். இந்தக் கேள்வி வரும் என்று எழிலரசிக்குத் தெரியும். பதிலையும் எடுத்து வைத்திருந்தாள்.

"நான் அத குடுக்காம இருந்திருந்தா?" என்றாள் பாக்யம்.

"அப்பவும் நோவு இருந்திருக்கும். அது உன்னால வரல."

"அத கேக்கல. மருந்து கம்மியா போட்டிருப்பாங்களா?"

எழிலரசி எடுத்து வைத்திருந்த பதில் முதல் கேள்வியோடு தீர்ந்துபோயிருந்தது. இல்லை என்று சொல்லிவிடலாம். அந்த ஒரு சொல்லைத் தங்கை ஆயுள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருப்பாள். ஆனால் பாக்யம் அவளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாது, பாக்யம். இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

பாக்யம் தலையை அசைத்தாள். அழவில்லை. மணிக்கட்டை மறு கையால் அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டாள். படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். பரணிதரனுக்கு மாத்திரை விஷயம் தெரியாது. தெரிந்தால் அவன் கை நீட்டுகிறவன் அல்ல. ஆனால் அதற்குப் பிறகு தன்னைப் பார்க்கவே மாட்டான். சிகிச்சை முடிய வருஷக்கணக்காகும் என்கிறார்கள், அத்தனை நாளும் அவன் தன்னைப் பார்க்காமல் இருந்தால் குழந்தையை எப்படிப் பார்த்துக்கொள்வது? இப்படியெல்லாம் அவள் ஒன்றுக்குமேல் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போய், கடைசியில் நிறுத்தினாள்.

"அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதக்கா."

"அவரு இந்த நோவ நான்தான் கொண்டாந்தேன்னு நெனச்சினு இருக்காரு," என்றாள் எழிலரசி.

பாக்யம் ஒன்றும் சொல்லவில்லை.  கீழேயிருந்து ஆட்கள் படியேறி வருகிற சத்தம் கேட்டது. டேனரி ஆட்களின் குரல், நடுவில் பரணிதரனின் குரல். எழிலரசி சரி என்று சொல்லிவிட்டு எழுந்து, அவர்கள் வருவதற்கு முன் மறுபக்கப் படியில் இறங்கிக் கூடத்துக்குப் போனாள்.

பூங்குழலிக்குச் சிகிச்சை நடக்கிறது. முடி போய்விட்டது. இரண்டு முறை கடும் காய்ச்சல் வந்து, இரண்டு முறையும் எல்லோரும் செத்துப் பிழைத்தார்கள். எழிலரசி தௌசீப் சாரிடம் கேட்டுக்கொண்டு இப்போது மூட்டுச் செல்கள் பக்கம் மட்டும் பார்க்கிறாள். உருண்டைச் செல்களின் குப்பிகளை வேறொரு பெண் கவனிக்கிறாள். ஆஸ்பத்திரி அடுத்த கட்டடம்தான் என்றாலும், பரணிதரன் இருக்கும் நேரத்தில் வார்டில் அவளைப் பார்க்க முடியாது. குழந்தைக்கு ஒவ்வொரு முறை காய்ச்சல் வரும்போதும், பாக்யம் தன் கணவன் பக்கத்தில் இருக்கிறானா இல்லையா என்று பார்த்துவிட்டு அக்காவுக்கு போன் செய்வாள். அந்த போன் அடிக்கும்போதெல்லாம் எழிலரசி எடுப்பதற்கு முன் ஒரு நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

போன வாரம் போன் செய்தது குழந்தை. அம்மாவின் போனில் தானே எண்ணைத் தேடி அடித்திருந்தாள். குரல் சன்னமாக இருந்தது, வாயெல்லாம் புண்.

"பெரிம்மா, நாளைக்கு வருவியா?"



"அப்பாவுக்கு நாளைக்கு எந்த ஷிஃப்டும்மா?" என்று கேட்டாள் எழிலரசி.